குறிப்பேடும் நூலும்: தமிழாய்வுக்கு நிரல் எழுதுவோர் கருதத்தக்கன

முன்னுரை

'நூல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நெசவாளன் கையில் இருப்பதும் நூல். புலவன் கையில் இருப்பதும் நூல். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் இணைத்து ஓர் அழகிய உருவகம் அமைத்துள்ளார். சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் கொண்டு நூல் முடியும் முறையை அவர் விளக்குகின்றார். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அம்முனிவரின் ஊர் என்பது கொங்கு நாட்டு அறிஞர் சிலரின் துணிபு. பஞ்சும் நூலும் பனியனுமாக வாழும் நமது அருள்புரத்திற்கு அவ்வுருவகம் எத்துணை அண்மையானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பஞ்சு வேறு, நூல் வேறு. பஞ்சின்றி நூல் இல்லை. எனினும் பஞ்சை அப்படியே தறியில் ஏற்ற இயலாது. கணினி வழித் தமிழாய்வு செய்யும் நம் மாணாக்கர் இன்று இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகின்றனர். ஜுப்பிட்டர் குறிப்பேட்டில் துண்டு துண்டாக எழுதிப் பார்த்த நிரலையே முடிந்த ஆய்வாகக் கருதி ஏட்டில் ஏற்றிவிடுகின்றனர். அதனால் நம் துறையில் நேர்ந்த ஒரு பிழையையும், அதனைத் திருத்திய வழியையும், அவ்வழியிற் கற்றவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறிப்பேடு என்னும் கருவி

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த பெர்னாண்டோ பெரெஸ், பைத்தான் மொழியில் ஒவ்வொரு கட்டளையாக இட்டு உடனுக்குடன் விடை காணத்தக்க ஐபைத்தான் என்னும் கருவியை உருவாக்கினார். 2011இல் அது குறிப்பேட்டு வடிவம் பெற்றது. 2014இல் ஜுப்பிட்டர் என்னும் பெயரோடு தனித் திட்டமாயிற்று. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று நிரல்மொழிகளின் பெயர்கள் அதில் அடங்கியுள்ளன. 1610ஆம் ஆண்டில் வியாழன் கோளின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட கலிலியோ, தாம் இரவுதோறும் கண்டவற்றைக் குறித்து வைத்த ஏடுகளை நினைவூட்டுவதும் அப்பெயரின் கருத்தாகும்.

குறிப்பேட்டில் பக்கம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மாணாக்கர் அவற்றைச் 'செல்' என்பர். ஒரு கட்டத்தில் விளக்கவுரை எழுதலாம். அடுத்த கட்டத்தில் நிரல் எழுதலாம். அதன் கீழேயே விடையும் தோன்றும். மூலமும் உரையும் ஒருங்கே அமைந்த நம் பழைய உரைநூற் பதிப்புகளை ஒத்த அமைப்பு இது. இலக்கியம் பயின்றவர்கள் நிரலெழுத அஞ்சும் அச்சத்தை இக்கருவி பெரிதும் போக்கியுள்ளது. நம் துறையின் முதுகலை மாணாக்கர் பலர் நிரல் கற்றது இதன் வழியேதான். ஆகவே குறிப்பேட்டைப் பழிப்பது நம் கருத்தன்று.

ஆயினும் இதில் மறைந்துள்ள ஓர் இடர் உண்டு. கட்டங்களை எவ்வரிசையில் வேண்டுமாயினும் இயக்கலாம். ஐந்தாம் கட்டத்தை இயக்கிவிட்டு இரண்டாம் கட்டத்திற்குத் திரும்பலாம். ஒரு கட்டத்தை இயக்கியபின் அழித்தும் விடலாம். அழித்த கட்டம் கண்ணுக்குத் தெரியாது. அது செய்த வேலையோ கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும். ஏட்டில் ஒன்றும் நினைவகத்தில் மற்றொன்றுமாக இருக்கும் இந்நிலையில், திரையில் தோன்றும் விடை ஏட்டில் உள்ள நிரலின் விடைதானா என்பதை எழுதியவராலும் கூற இயலாது.

இது நம் மாணாக்கர்க்கு மட்டும் உரிய குறையன்று. பொதுவில் வைக்கப்பட்ட ஏறத்தாழ 14 இலட்சம் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவற்றுள் இயக்கிப் பார்த்தவற்றில் ஏறத்தாழ 24 விழுக்காடே தடையின்றி இறுதிவரை ஓடின. முன்பு பதிவான அதே விடையை மீண்டும் தந்தவை ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. நூறு பேர் தம் கணக்கைக் காட்டினால், நாம் மீண்டும் போட்டுப் பார்க்கும்போது நால்வர் கணக்கே பொருந்துகின்றது என்பது இதன் பொருள். எண்களை நம்பி எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

புலவர் மீது வந்த பழி

இனி நம் துறையில் நிகழ்ந்ததைக் கூறுவோம். முதுகலை மாணவி ஒருத்தி, இசுலாமியத் தமிழ் அந்தாதி நூல் ஒன்றைத் தம் ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொண்டார். அந்நூல் கட்டளைக் கலித்துறையால் அமைந்தது. ஒற்று நீக்கி எண்ணின் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வருதல் வேண்டும் என்பது அப்பாவின் இலக்கணம் என்பதை நாம் அறிவோம். நூறு பாடல்கள், நானூறு அடிகள். விரல்விட்டு எண்ணுவதைவிடக் கணினி கொண்டு எண்ணுவது எளிதென நாமே அவருக்கு வழிகாட்டினோம்.

அந்நூலின் மின்படி இரண்டு கோப்புகளாகக் கிடைத்தது. முதல் ஐம்பது பாடல்கள் ஒருங்குறியில் நேராகத் தட்டச்சு செய்யப்பட்டவை. பின் ஐம்பதும் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றப்பட்டவை. மாணவி குறிப்பேட்டில் நிரல் எழுதி எண்ணினார். முற்பகுதியில் பிழையே இல்லை. பிற்பகுதியில் பல அடிகள் இலக்கணத்தை மீறி ஓரெழுத்தும் ஈரெழுத்தும் மிகுந்து நின்றன. 'பிற்பகுதியில் புலவர் யாப்பில் தளர்ந்துள்ளார்' என்று மாணவி ஓர் இயலே எழுதினார். அதனை நாம் படித்தோம், புதுமையான முடிவென மகிழ்ந்தோம், கையொப்பமும் இட்டோம்.

வாய்மொழித் தேர்வன்று காலை மின்தடை ஏற்பட்டது. கணினி அணைந்து மீண்டும் எழுந்தபோது நினைவகம் வெறுமையாயிருந்தது. தேர்வாளர்க்குக் காட்டும்பொருட்டு மாணவி குறிப்பேட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை முழுமையாக இயக்கினார். புலவரின் பிழைகள் ஏறத்தாழ அனைத்தும் மறைந்துவிட்டன! அச்சிட்டுக் கட்டிய ஏட்டில் பிழை என்று இருந்த அடிகள் திரையில் செம்மையாக நின்றன. எது மெய், எது பொய் என்று தெரியாமல் மாணவி நம் அறை வாயிலில் வந்து நின்ற தோற்றம் இன்றும் நம் கண்முன் உள்ளது.

அவர் செய்த முடிவு பாராட்டத்தக்கது. ஏட்டில் உள்ளதையே மெய்யெனச் சாதிக்காமல், 'இந்த இயலின் முடிவு ஐயத்திற்குரியது. சரிபார்த்துத் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும்' என்று தேர்வாளரிடம் கூறினார். தேர்வாளரும் பெருந்தன்மையோடு இசைந்தார். தலைகுனிய வேண்டியவர் மாணவி அல்லர். ஒருமுறையேனும் அந்நிரலைத் தொடக்கத்திலிருந்து இயக்கிக் காட்டுமாறு கேளாமல் ஒப்பமிட்ட நாமே அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

பிழையின் வேர்

காரணத்தைத் தேடியபோது இரண்டு செய்திகள் புலனாயின.

ஒன்று எழுத்தைப் பற்றியது. ஒருங்குறியில் தமிழ் எழுத்து நாம் எண்ணுவது போல் எண்ணப்படுவதில்லை. 'நபி' என்பது நமக்கு ஈரெழுத்து. கணினிக்கோ 'ந', 'ப', இகரக் குறி என மூன்று குறிகள். 'முகம்மது' நமக்கு ஐந்தெழுத்து; கணினிக்கு எட்டுக் குறிகள். இதனினும் நுட்பமானது ஒகர உயிர்மெய். 'சொ' என்பதைச் சகரமும் ஒகரக் குறியுமாக இரு குறிகளாலும் எழுதலாம். சகரம், எகரக் குறியாகிய ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறிகளாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. இவ்விரண்டையும் ஒரே வடிவிற்குக் கொண்டுவரும் செயலை இயல்பாக்கம் என்பர். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பின் ஐம்பது பாடல்களில் கொம்பும் காலும் தனித்தனியே நின்றன. மாணவியின் நிரல் கொம்பை மெய்யோடு சேர்த்து ஓரெழுத்தாகவும், எஞ்சிய காலை மற்றோர் எழுத்தாகவும் எண்ணிவிட்டது. 'கொ', 'போ', 'தோ' போன்றவை வந்த அடிகளிலெல்லாம் எழுத்து மிகுந்ததன் காரணம் இதுவே.

மற்றொன்று குறிப்பேட்டைப் பற்றியது. இயல்பாக்கம் செய்யும் கட்டத்தை மாணவி எழுதாமல் இல்லை. மேலே மூன்றாம் கட்டமாக அது இருந்தது. முதற் கோப்பிற்கு அதனை இயக்கினார். சில நாள் கழித்து இரண்டாம் கோப்பை அதே பெயருடைய மாறியில் ஏற்றினார். இடையிலுள்ள கட்டத்தை இயக்க மறந்து, கீழுள்ள எண்ணும் கட்டத்தை மட்டும் இயக்கினார். ஏட்டில் படி இருந்தது. செயலில் படி இல்லை. மின்தடைக்குப் பின் வரிசையாக இயக்கியபோது அப்படியும் சேர்ந்துகொண்டது. புலவர் விடுதலை பெற்றார்.

எஞ்சி நின்ற ஓரிரு அடிகளை அச்சுப் படியோடு ஒப்பிட்டபோது அவையும் மின்படியின் தட்டச்சுப் பிழைகளே எனத் தெரிந்தன. தம் பாவின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி அமைத்த ஒரு புலவரை, எண்ணத் தெரியாத நம் நிரல் குற்றவாளியாக்கியது. தமக்காக வாதாட வர இயலாதவர்கள் மறைந்த புலவர்கள். அவர்கள் பெயருக்கு இழுக்கு வாராமல் காப்பது ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

பத்துக் குற்றமும் நிரலும்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வகுத்துரைக்கின்றது. அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு நம் குறிப்பேட்டைப் பார்த்தபோது, அம்முனிவர் நம் கணினி அறையில் அமர்ந்து எழுதினாரோ என வியந்தோம்.

ஒரே எண்ணும் நிரல் இரண்டு கோப்புகளுக்கென இருமுறை படியெடுக்கப்பட்டிருந்தது; ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் இல்லை. இது கூறியது கூறல். 'அடிகள்' என்னும் ஒரே மாறி ஓரிடத்தில் முதற் கோப்பையும் ஓரிடத்தில் இரண்டாம் கோப்பையும் சுட்டியது. இது மாறுகொளக் கூறல். கட்டங்களின் வரிசை ஒன்றாகவும் இயக்கிய வரிசை வேறாகவும் இருந்தமை மயங்க வைத்தல். எந்த மென்பொருள் நூலகங்கள், எந்தப் பதிப்புகள் வேண்டும் என்பது எங்கும் குறிக்கப்படாமை குன்றக் கூறல். முயன்று பார்த்துக் கைவிட்ட ஏழெட்டுக் கட்டங்கள் அப்படியே கிடந்தமை நின்று பயனின்மை. 'எக்ஸ்', 'எக்ஸ்1', 'எக்ஸ்2' எனப் பொருளற்ற பெயர்களை இட்டமை வழூஉச்சொல் புணர்த்தல் என்பதன் பாற்படும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பெற்ற துண்டுகளும் இடையிடையே இருந்தன. அவற்றுள் நமக்கு வேண்டாத வேலைகளைச் செய்தவை மற்றொன்று விரித்தல் ஆகும்.

இலக்கணம் கற்ற நம் மாணாக்கர்க்கு நிரல் திருத்தும் கலை புதிதன்று என்பதை இதனால் அறியலாம்.

மாற்றும் முறை

குறிப்பேட்டில் உள்ளதை எவரும் எப்போதும் இயக்கத்தக்க நிரல் கோப்பாக மாற்றியதே நாம் கண்ட தீர்வு. ஸ்கிரிப்ட் எனப்படும் அக்கோப்பு மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இயங்கும். ஒவ்வொரு முறையும் வெறும் நினைவகத்துடன் தொடங்கும். மறைந்த நிலை என்பதற்கு அங்கே இடமில்லை. மாற்றிய படிகளை வரிசைப்படுத்திக் கூறுகின்றோம்.

முதலாவது, குறிப்பேட்டின் நினைவகத்தை அழித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை முழுதும் இயக்குதல். 'ரீஸ்டார்ட்' என்னும் கட்டளையால் கெர்னலைப் புதிதாகத் தொடங்கி இதனைச் செய்யலாம். இதில் நின்றுவிடும் குறிப்பேடு ஆய்வேட்டிற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. மின்தடை நமக்குச் செய்த உதவியை நாமே நாள்தோறும் செய்துகொள்வது நலம்.

இரண்டாவது, கட்டங்களை மூன்றாகப் பிரித்தல். கோப்பைப் படித்தல், எழுத்தெண்ணுதல், விடையை எழுதுதல் ஆகியவை வேலை செய்யும் கட்டங்கள். இவையே கோப்பிற்குச் செல்ல வேண்டியவை. அட்டவணை, வரைபடம் முதலியன பார்ப்பதற்கான கட்டங்கள். இவை குறிப்பேட்டிலேயே இருக்கலாம். கைவிட்ட முயற்சிகளை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வேலையையும் ஒரு செயற்கூறாக அமைத்தல். செயற்கூறு தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற வேண்டும்; தன் விடையைத் திருப்பித் தர வேண்டும்; வெளியே கிடக்கும் மாறிகளைத் தொடுதலாகாது. 2008இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல் தமிழ்ப் பெயர்களையும் அம்மொழி ஏற்கின்றது. ஆகவே 'எழுத்தெண்ணு' என்றே பெயரிட்டோம். ஓர் அடியைக் கொடுத்தால் ஒற்று நீங்கிய எழுத்தெண்ணிக்கையைத் தரும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இயல்பாக்கத்தை அதன் உள்ளேயே முதற் படியாக வைத்தோம். இனி மறந்தாலும் அதனைத் தவிர்க்க இயலாது.

இவ்விடத்தில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. செயற்கூறு செய்யும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுமாறு மாணவியைப் பணித்தோம். எழுத முயன்றபோது அவருக்கே ஓர் எளிய வழி தோன்றியது. உயிரெழுத்துகளையும், உயிர்மெய்க்கும் மெய்க்கும் பொதுவான அடியெழுத்துகளையும் கூட்டி, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ஒற்று நீங்கிய எண்ணிக்கை கிடைத்துவிடும். 'முகம்மது' என்பதில் அடியெழுத்து ஐந்து, புள்ளி ஒன்று, விடை நான்கு. கொம்பையும் காலையும் தொடவே வேண்டுவதில்லை. நாற்பது வரி நிரல் நான்கு வரிக்குள் அடங்கிற்று. தெளிவாகச் சொல்ல முயல்வதே தெளிவாகச் சிந்திக்கும் வழி என்பது இங்கும் மெய்யாயிற்று. எனினும் சொற்களைத் தேடவும் ஒப்பிடவும் இயல்பாக்கம் தேவையாதலின் அதனை நீக்கவில்லை.

நான்காவது, செயற்கூறுகளைத் தனிக் கோப்பில் சேர்த்தல். குறிப்பேட்டைக் கோப்பாக மாற்றித் தரும் என்பிகன்வெர்ட் என்னும் கருவி உண்டு. ஒரே கட்டளையில் மாற்றிவிடும். ஆயினும் அது கட்டங்களை மேலிருந்து கீழாக வரிசையாகக் கொட்டித் தருமேயன்றிக் குற்றங்களை நீக்கித் தராது. மேலும் விழுக்காட்டுக் குறியுடன் தொடங்கும் சிறப்புக் கட்டளைகள் ஐபைத்தானுக்கே உரியவை. வெளியே அவை இயங்கா. கட்டத்தின் இறுதியில் ஒரு மாறியின் பெயரை மட்டும் எழுதினால் குறிப்பேடு அதன் மதிப்பைக் காட்டும். கோப்பிலோ 'பிரிண்ட்' என்று வெளிப்படையாகக் கூறினாலன்றி ஒன்றும் தோன்றாது. வரைபடங்களையும் கோப்பாகச் சேமிக்குமாறு கூற வேண்டும். ஆகவே கருவி தருவதைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது.

ஐந்தாவது, மாறக்கூடியவற்றை நிரலுக்குள் புதைத்து வைக்காமை. மாணவியின் நிரலில் அவர் வீட்டுக் கணினியின் கோப்பு முகவரி அப்படியே எழுதப்பட்டிருந்தது; வேறு கணினியில் அது எங்ஙனம் இயங்கும்? எந்தக் கோப்பை எண்ண வேண்டும் என்பதை இயக்கும்போது கட்டளை வரியில் கொடுக்குமாறு மாற்றினோம். பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் என்னும் பகுதி இதற்கு உதவும். அத்துடன், இக்கோப்பு நேரடியாக இயக்கப்படும்போது மட்டும் வேலை தொடங்க வேண்டும். வேறொரு நிரல் இதனை இம்போர்ட் செய்து செயற்கூற்றை மட்டும் பெற விரும்பினால் வாளா இருக்க வேண்டும். கோப்பின் இறுதியில் 'மெயின்' என்னும் பெயரைச் சோதிக்கும் ஒருவரி நிபந்தனையால் இது கைகூடும்.

ஆறாவது, விடை தெரிந்த வினாக்களால் சோதித்தல். 'நபி' இரண்டு, 'அஃது' இரண்டு, 'தொல்காப்பியம்' நான்கு, 'சொல்' இருவகையாகத் தட்டச்சு செய்தாலும் ஒன்று. இத்தகைய சொற்களைச் சிறு சோதனைக் கோப்பில் எழுதி வைத்தோம். நிரலைத் தொடும்போதெல்லாம் முதலில் இச்சோதனை இயங்கும். முதல் நாளே 'சொல்' என்னும் ஒரு சொல்லை இருவகையாகவும் சோதித்திருந்தால் புலவர் மீது பழி வந்திராது.

ஏழாவது, துணைக் குறிப்பு எழுதுதல். பைத்தானின் பதிப்பு, வேண்டிய நூலகங்கள், மின்படி கிடைத்த இடம், இயக்கும் கட்டளை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு வைத்தல் வேண்டும். பதிப்புரை இல்லாத நூல் எப்படியோ, அப்படியே இக்குறிப்பு இல்லாத நிரலும். திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் கருவியையும் பழகிக்கொள்வது நன்று.

குறிப்பேட்டிற்கும் இடம் உண்டு

நிரல் கோப்பு அமைந்தபின் குறிப்பேட்டை எறிந்துவிட வேண்டுமோ எனின், அன்று. குறிப்பேடு அக்கோப்பை இம்போர்ட் செய்து, அதன் செயற்கூற்றை அழைத்து, விடையை அட்டவணையாகவும் விளக்கமாகவும் காட்டலாம். எண்ணுவது கோப்பின் வேலை. எடுத்துரைப்பது குறிப்பேட்டின் வேலை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. கோப்பைத் திருத்தியபின், முன்பே அதனை ஏற்றிய குறிப்பேடு பழைய வடிவையே நினைவில் வைத்திருக்கும்; கெர்னலைப் புதிதாகத் தொடங்கினால் புதியது வரும்.

அருள்புரத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சாயப் பட்டறையில் முதலில் 'லேப் டிப்' எடுப்பர். சிறு துணியைச் சிறு குவளையில் நனைத்துப் பார்த்து, வாங்குவோர் கேட்ட ஷேடு வரும்வரை மாற்றி மாற்றி முயல்வர். ஷேடு வந்தபின் அந்தத் துணித்துண்டை மட்டும் காட்டினால் பெரிய எந்திரத்தில் டன் கணக்கில் சாயமேற்ற இயலுமா? எந்தச் சாயம் எத்தனை விழுக்காடு, உப்பும் சோடாவும் எவ்வளவு, வெப்பநிலை என்ன, நேரம் என்ன என்று எழுதிய குறிப்பு வேண்டும். குறிப்பேடு லேப் டிப். நிரல் கோப்பு அக்குறிப்பு.

அம்மாணவியின் தந்தை பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். மகளின் ஏடு திருத்தப்பட்டு ஏற்கப்பட்ட நாளில் துறைக்கு வந்திருந்தார். நடந்ததை மகள் அவருக்கு விளக்கியிருந்தார். "அத்தாவுக்கு ரெண்டே வார்த்தையில புரிஞ்சிருச்சு" என்று மாணவி சிரித்தார். அவரோ நம்மிடம், "சாம்பிளப் பாத்து ஆயிரம் பீஸ் வெட்ட முடியுங்களா சார்? பேட்டர்ன் இருந்தாத்தானுங்களே ஆகும்" என்றார். ஏழு படிகளாக நாம் மேலே விரித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

முன்னோர் வகுத்த வழி

ஒருவர் செய்ததை மற்றவர் எடுத்தாளுமாறு அமைப்பதே தமிழ்க் கணினிப் பணியின் அடித்தளமாக இருந்துள்ளது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கி ஒருங்கிணைத்து வந்த மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்படிகளாக்கிப் பொதுவில் வைத்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் உண்டு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டிற்கும் தரம் வகுக்கப்பட்டது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்னர் ஆளுக்கொரு குறியீடாக நாம் பட்ட இடர்ப்பாட்டின் எச்சமே, நம் மாணவியின் இரண்டாம் கோப்பில் தனித்து நின்ற காலும் கொம்பும்.

எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவர்தம் குழுவினரும் ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் நூலகத்தைக் கட்டற்ற முறையில் வழங்கியுள்ளனர். ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் உண்டு. அதனை ஒருமுறை எழுதிச் சோதித்து வெளியிட்டதால் பிறர் அதே வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டுவதில்லை. தம் கணினியில் ஒரு குறிப்பேட்டுக்குள் அதனை வைத்திருந்தால் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

திருப்பூரின் முதற் பின்னலாடைத் தொழிலகங்களுள் ஒன்றை 1920களில் குலாம் காதர் என்பார் நிறுவியதாகத் தொழில் வரலாற்றாசிரியர் குறிப்பர். அவர் கொணர்ந்த எந்திரங்களோடு அத்தொழில் நின்றுவிடவில்லை. கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர், கற்றவர் தனித்தொழில் தொடங்கினர், ஊர் வளர்ந்தது. கைமாற்றத்தக்க அறிவே ஊரை வளர்க்கும். ஆய்விற்கும் இது பொருந்தும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் குறிப்பேடு சிந்திப்பதற்கு உரியது என்பதும், நிரல் கோப்பு பிறரிடம் ஒப்படைப்பதற்கு உரியது என்பதும் தெளிவாகும். மாணாக்கச் செல்வங்கள் ஆய்வேட்டில் ஓர் எண்ணை எழுதுமுன், 'நாளை வேறொருவர் வேறொரு கணினியில் இதே எண்ணைப் பெறுவாரா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வழிகாட்டிகளாகிய நாம் கையொப்பமிடுமுன் அதனை ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். நம் துறையில் இப்போது இது நடைமுறை. ஆய்வேட்டோடு நிரலும் சோதனைக் கோப்பும் துணைக் குறிப்பும் வந்தாலன்றி நாம் ஒப்பமிடுவதில்லை.

அம்மாணவி எழுதிய 'எழுத்தெண்ணு' இன்று துறைக் கணினியில் உள்ளது. அடுத்து வந்த மாணாக்கர் இருவர் வேறு இரண்டு அந்தாதிகளை அதனைக் கொண்டே எண்ணினர். அவர்கள் ஒருவரியும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் ஊரில் இல்லாதபோதும் அந்நிரல் இயங்கியது. பஞ்சு நூலானதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?